வள்ளலின் கணக்கேடு

"வள்ளல் வாழ்க!" என்று வளைவு கட்டியிருக்கிறார்கள். வாழைமரம், தோரணம், ஒலிபெருக்கி எல்லாம் தயார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடம் கட்டித் தந்திருக்கிறார் ஆலை முதலாளி. அவர் பெயர் பளிங்கிலே பொறிக்கப்பட்டிருக்கிறது, பள்ளியின் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்திலே! தலைமை வகித்தவர் புகழ்ந்தார்; வாழ்த்துரைத்தவர் புகழ்ந்தார்; நன்றி நவின்றவர், முன்னவர் இருவரும் புகழ மறந்ததையும் சேர்த்துப் புகழ்ந்தார். கடைசி வரிசையிலே உட்கார்ந்திருக்கிறார் ஒரு முதியவர். அதே ஆலையிலே முப்பதாண்டுக் காலம் உழைத்தவர். உழைப்பால் ஈட்டியதிலே இன்றும் அவரிடம் மிஞ்சி நிற்பது இருமல் ஒன்றுதான். அவரும் கைதட்டுகிறார்.

எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது. கொடுத்த கணக்கைப் படிக்க மேடை நிறைய ஆட்கள். எடுத்த கணக்கைப் படிக்க ஒருவருமில்லை! வரவை மறைத்துச் செலவை மட்டும் காட்டும் கணக்குப்பிள்ளையை எந்தக் கடைக்காரரும் ஒரு நாள்கூட வேலையிலே வைத்திருக்கமாட்டார். ஆனால் சமுதாயம், வள்ளல்களின் விஷயத்திலே அந்தக் கணக்கைத்தான் ஏற்றுக்கொண்டு மாலை சூட்டுகிறது.

இந்த ஓரக் கணக்குக்குத் தத்துவ விளக்கம் எழுதிக் கொடுத்த கட்டுரை ஒன்று உண்டு. 1889ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' என்ற அமெரிக்க ஏட்டிலே, 'செல்வம்' என்ற தலைப்பிலே வெளிவந்தது. எழுதியவர் ஆண்ட்ரூ கார்னகி, அமெரிக்க எஃகுத் தொழிலின் முடிசூடா மன்னர். இலண்டன் ஏடொன்று அதை மறுபதிப்புச் செய்தபோது 'செல்வத்தின் நற்செய்தி' என்று பெயர் மாற்றிற்று. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நற்செய்தி! வேதப் புத்தகத்தின் பெயர், பணப் பெட்டியின் புத்தகத்துக்கு!

இன்று 'நிறுவனச் சமூகப் பொறுப்பு' என்றும், 'நீடித்த வளர்ச்சிக்கான தலைமை' என்றும் வணிக உலகிலும் தொண்டு நிறுவனங்களிலும் பேசப்படும் பேச்சுக்கெல்லாம் பாட்டன் அந்தக் கட்டுரை. பேரனை எடைபோட, முதலிலே பாட்டனைப் பார்ப்போம்.

நெசவாளியின் மகன்

கார்னகியைக் கொடுங்கோலர் என்று தீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையான விமர்சனம் ஆகாது.

1835இல் ஸ்காட்லாந்திலே, டன்பெர்ம்லின் என்ற ஊரிலே, கைத்தறி நெசவாளியின் மகனாகப் பிறந்தார். நீராவித் தறி வந்தது, கைத்தறி ஓய்ந்தது, குடும்பம் 1848இல் கடல் கடந்து அமெரிக்கா சென்றது. பதின்மூன்று வயதிலே நூலாலையிலே கதிர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வேலை. வாரக் கூலி ஒரு டாலர் இருபது சென்ட். அங்கிருந்து தந்தி அலுவலகம், இரயில்வே, பிறகு எஃகு என்று ஏறினார். 1901இல் தம் தொழிலை விற்றபோது கிடைத்த விலை 480 மில்லியன் டாலர். அதன்பின் 1919இல் இறக்கும்வரை அவர் அள்ளிக் கொடுத்தது சுமார் 350 மில்லியன் டாலர். அவர் பணத்தால் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2,500க்கு மேல்.

கட்டுரையிலும் மெச்சத்தக்க பகுதிகள் இல்லாமலில்லை. பிள்ளைகளுக்குச் சொத்தைக் குவித்துவிட்டுப் போவது பிள்ளைகளுக்கே கேடு என்கிறார். இறந்தபின் தர்மத்துக்கு எழுதி வைப்பது, கொண்டுபோக முடியாததை விட்டுப்போவதே அன்றிக் கொடையாகாது என்று சாடுகிறார். பெரும் சொத்துக்கு மரண வரி கடுமையாக விதிக்கவேண்டும் என்றும் சொல்கிறார். செல்வத்தோடு சாவது இழிவு என்பது அவர் முடிவு. ஜமீன்களையும் மடங்களையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய நம் நாட்டிலே, இப்படி எழுதிய செல்வர் எத்தனை பேர்?

மெச்சவேண்டியதை மெச்சினோம். இனி, கட்டுரையின் அடித்தளத்தைத் தட்டிப் பார்ப்போம்.

விதியின் புதுப்பெயர்

ஒரு சிலரிடம் செல்வம் குவிவதும், பலர் வறுமையிலே இருப்பதும் நாகரிகம் வளர இன்றியமையாதவை என்பது கார்னகியின் முதல் கருத்து. போட்டி என்பது இயற்கையின் சட்டம். தனி மனிதனுக்கு அது சில வேளைகளில் கொடுமையாகத் தோன்றினாலும் இனத்துக்கு நன்மையே என்கிறார். ஹெர்பர்ட் ஸ்பென்சரைக் குருவாகக் கொண்டவர் அவர். அந்தப் பாடத்தை இங்கே ஒப்புவிக்கிறார்.

நமக்கு இது புதிய பாடமா? தலையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்று சொல்லி, அதற்கு ஆண்டவன் கட்டளை என்று முத்திரை குத்தியதை நாம் கண்டிருக்கிறோம். கார்னகி ஆண்டவனை அழைக்கவில்லை, இயற்கையை அழைக்கிறார். தலைவிதி என்ற சொல்லை எடுத்துவிட்டு இயற்கை நியதி என்ற சொல்லை வைத்துவிட்டால் மூடநம்பிக்கை பகுத்தறிவாகிவிடுமா? மனிதன் வகுத்த கூலியை, மனிதன் எழுதிய ஒப்பந்தத்தை, மனிதன் மாற்றமுடியாத ஒன்றாகக் காட்டும் எந்தப் பேச்சும் விதிவாதமே.

இரண்டாவது கருத்து இன்னும் கூர்மையானது. குவிந்த செல்வத்துக்குச் செல்வர் உடைமையாளர் அல்லர், ஏழைகளின் சார்பிலே அறங்காவலர். அவருடைய உயர்ந்த அறிவும் அனுபவமும் ஏழைகளுக்குப் பயன்படும். ஏழைகள் தாமே செய்துகொள்வதைவிடச் சிறப்பாக அவர் செய்து தருவார் என்கிறார். அதே தொகையைச் சிறு சிறு கூலி உயர்வாகப் பலருக்கும் பகிர்ந்திருந்தால் வயிற்றுக்கும் வாய்க்கும் வீணாய்ப் போயிருக்கும் என்றும் சொல்கிறார்.

படித்துப் பாருங்கள், கருணையின் குரலிலே பேசும் ஆணவம் இது! பாட்டாளியின் பிள்ளைக்குப் பால் வாங்கும் காசு, வீண் செலவு. அதே காசு முதலாளியின் பெட்டியிலே தங்கி, பத்தாண்டு கழித்துப் பளிங்குக் கூடமாக வெளிவந்தால், அறச்செயல்! யாருக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வியைக் கட்டுரை ஓரிடத்திலும் எழுப்பவில்லை. விடை முன்பே முடிவாகிவிட்டது என்பதுதான் காரணம்.

ஏரியும் மீன் வலையும்

கட்டுரை ஜூன் மாத இதழிலே வந்தது என்றோமல்லவா? அந்த ஜூன் பிறப்பதற்கு முந்தின நாள் நடந்ததைக் கேளுங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்திலே ஜான்ஸ்டவுன் என்றொரு தொழில் நகரம். இரும்பாலைத் தொழிலாளர் வாழும் பள்ளத்தாக்கு. அதற்குப் பதினான்கு மைல் மேலே, மலையிலே ஓர் ஏரி. கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு முன்பு கட்டிய மண் அணை அது. 1879க்குப் பின் அது பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்களின் மீன்பிடிச் சங்கத்தின் உடைமையாயிற்று. உறுப்பினர் அறுபது பேர் வரை. அவர்களிலே ஒருவர் கார்னகி. மற்றொருவர் அவருடைய கூட்டாளி ஹென்றி கிளே பிரிக்.

அணையின் அடியிலே இருந்த வடிகால் இரும்புக் குழாய்களை முந்தைய உடைமையாளர் பெயர்த்து விற்றுவிட்டிருந்தார். சங்கம் அவற்றைத் திரும்பப் பதிக்கவில்லை. குதிரை வண்டி எளிதாகச் செல்ல, அணையின் தலைமட்டத்தைத் தாழ்த்தினார்கள். விலை கொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பி ஓடாதிருக்க, உபரி நீர் வழியும் வாயிலே கம்பி வலை கட்டினார்கள். 1880இல் ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் சார்பிலே ஒருவர் வந்து பார்வையிட்டு, அணை ஆபத்தானது என்று எச்சரித்தார். அச்சம் வேண்டாம் என்று மறுமொழி போயிற்று.

1889 மே 31. பெருமழை. வலையிலே சருகும் கிளையும் அடைத்துக்கொண்டன. வடிகால் இல்லை. நீர் அணையின் மேலேறி வழிந்தது; அணை உடைந்தது. இறந்தவர் 2,209 பேர். குடும்பம் குடும்பமாக அழிந்தவர்கள் உண்டு. அடையாளம் காணமுடியாமலே புதைக்கப்பட்டவர் எழுநூற்றுக்கு மேற்பட்டோர்.

பிழைத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சங்கத்திடமிருந்து இழப்பீடு பெற அவர்களால் முடியவில்லை. சட்டப் புத்தகத்திலே காத்திருந்தது ஒரு சொல்: 'கடவுளின் செயல்.'

பகுத்தறிவுத் தோழர்களே! இந்தச் சொல்லை அருள்கூர்ந்து கவனியுங்கள். குழாயைத் திரும்பப் பதிக்காதவர் கடவுளா? அணையின் தலையைத் தாழ்த்தியவர் கடவுளா? கம்பி வலை கட்டியவர் கடவுளா? மழை பெய்தது இயற்கை. அணை உடைந்தது பராமரிப்பின்மை. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லைக் கோயிலிலிருந்து நீதிமன்றத்துக்குக் கடன் வாங்கினார்கள். ஆண்டவன் என்ற கருத்து ஏழையின் கண்ணீரைத் துடைப்பதற்கு என்கிறார்கள். இங்கே அது செல்வரின் கடனைத் துடைத்தது.

அணையைக் கார்னகி ஒருவர்தான் உடைத்தார் என்று நாம் கூறவில்லை. பலரிலே ஒருவர் அவர்; அத்தனை பேருக்கும் பொதுவான அலட்சியம் அது. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். சங்கம் ஆயிரம் போர்வைகள் அனுப்பிற்று. கார்னகி, வெள்ளத்திலே அழிந்த ஊர் நூலகத்துக்குப் பதிலாகப் புதிய நூலகம் கட்டித் தந்தார். அழகிய கட்டடம். இன்று அந்தக் கட்டடத்திலேதான் ஜான்ஸ்டவுன் வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது! கொடையின் சின்னமும் கடனின் சாட்சியும் ஒரே கூரையின்கீழ்!

கொடைக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. போர்வை கொடுப்பதா, புத்தகம் கொடுப்பதா, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் கொடுப்பவர் முடிவு செய்தால் அது கொடை. பாதிக்கப்பட்டவர் எழுந்து நின்று கேட்டுப் பெற்றால் அது உரிமை. கொடை, நன்றியை எதிர்பார்க்கிறது. உரிமை, பதிலை எதிர்பார்க்கிறது. நன்றி பெறுவதற்கு இசைந்தவர்கள், பதில் சொல்வதற்கு இசையவில்லை.

தமக்குத் தாமே அறங்காவலர்

மூன்றாண்டு கழிந்தது. 1892. ஹோம்ஸ்டெட் என்ற ஊரிலே கார்னகியின் எஃகாலை. கூலியைக் குறைக்கவேண்டும், சங்கத்தை ஒழிக்கவேண்டும் என்று நிர்வாகம் முனைந்தது. ஆலையை இழுத்து மூடிற்று. நிர்வாகத்தின் தலைவர் பிரிக். முதலாளி ஸ்காட்லாந்திலே ஓய்விலே இருந்தார். பிரிக்கின் போக்குக்கு அவருடைய ஆதரவு இருந்தது. ஜூலை 6 விடியற்காலை, பிங்கர்டன் நிறுவனத்தின் கூலிப்படையினர் முந்நூறு பேர் தோணிகளிலே ஆற்றின் வழியே கொண்டுவரப்பட்டனர். துப்பாக்கிச் சண்டை மூண்டது. இரு தரப்பிலும் பலர் மாண்டனர், பெரும்பாலோர் தொழிலாளர். பிறகு மாநிலப் படை வந்தது, சங்கம் முறிந்தது.

இதே கார்னகி 1886இல் வேறோர் ஏட்டிலே, தொழிலாளர் சங்கம் அமைப்பது உரிமை என்றும், வேலைநிறுத்தம் செய்பவனின் இடத்தைப் பிறர் பறிப்பது தகாது என்றும் எழுதியவர்! எழுதும்போது அறங்காவலர், இலாபம் குறையும்போது முதலாளி. பொறுப்பு என்பது செல்வரின் மனநிலையைப் பொறுத்தது என்றால், மனநிலை மாறும்போது பொறுப்பும் மாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1898இல் ஹோம்ஸ்டெட் பக்கத்திலும் கார்னகி நூலகம் திறக்கப்பட்டது. நீச்சல் குளம் உண்டு. இசை அரங்கம் உண்டு. எஃகாலையிலே வேலை நேரமோ, நாளைக்குப் பன்னிரண்டு மணி. அமெரிக்க எஃகுத் தொழிலிலே அது ஒழியத் தொடங்கியது 1923இல்தான். பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்றவன் எந்த நேரத்திலே படிப்பான்? நூலகத்தைக் கொடுத்தார், படிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டார்!

1889 டிசம்பரிலே எழுதிய தொடர் கட்டுரையிலே, கொடைக்கு ஏற்ற துறைகள் எவை என்று பட்டியல் போட்டார் கார்னகி. பல்கலைக்கழகம், நூலகம், மருத்துவமனை, பூங்கா, மன்றம், நீச்சல் குளம், தேவாலயம். நல்ல பட்டியல்தான். ஆனால் தேடிப் பாருங்கள். அதிலே ஆலை இல்லை. கூலி இல்லை. வேலை நேரம் இல்லை. பிட்ஸ்பர்க்கின் வானத்தை மூடிய புகை இல்லை. செல்வம் பிறக்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அறம் செய்யலாமாம்!

அறங்காவலர் என்ற சொல் நமக்குப் புதிதன்று. செல்வர் ஏழைகளின் தர்மகர்த்தாவாக இருக்கட்டும் என்று காந்தியாரும் சொன்னார். தர்மகர்த்தாக்களோடு தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. கோயில் நிலத்தையும் நகையையும் வைத்துக்கொண்டு, கணக்கு எங்கே என்று கேட்டால், ஆண்டவனுக்குத் தெரியும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டவனை நம்பி நீதிக்கட்சி வாளாவிருக்கவில்லை. பனகல் அரசர் தலைமையிலே 1925இல் இந்து அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. 1927இல் அது புதிய வடிவிலே உறுதிபெற்றது. மதம் போயிற்று என்று கூக்குரல் எழுந்தது. உண்மையிலே போனது மதமல்ல, கேட்பாரற்ற நிலை.

அந்தச் சட்டம் கற்பித்த பாடம் இதுதான்: நல்லவரோ கெட்டவரோ, அறங்காவலர் கணக்குக் காட்டவேண்டும், கணக்கைப் பார்க்க அவருக்கு வெளியே ஒருவர் இருக்கவேண்டும். கார்னகியின் அறங்காவலரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அவரே. கணக்கைப் பார்த்தவர் யார்? அவரே. நீக்கும் அதிகாரம் யாருக்கு? எவருக்குமில்லை. அப்படிப்பட்டவருக்கு அறங்காவலர் என்ற பெயர் பொருந்தாது.

வாங்க மறுத்த ஊர்

கொடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு: அந்தக் கொடை யாருக்குச் சென்றது? அட்லாண்டா நகரத்திலே 1902இல் கார்னகி நூலகம் திறந்தார்கள். கறுப்பின மக்களுக்கு உள்ளே இடமில்லை. அறிஞர் டுபாய்ஸ் ஒரு தூதுக்குழுவோடு சென்று முறையிட்டார்; கதவு திறக்கவில்லை. பொதுக் குளத்திலே தண்ணீர் மொள்ளவும், பொதுச் சாலையிலே நடக்கவும் போராடிய மக்களின் வழிவந்த நமக்கு, இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை. சமுதாயத்தின் மேடு பள்ளத்தைத் தொடாமல் கொட்டும் கொடை, மேட்டிலேயே தங்கிவிடுகிறது.

மறுபுறம், வீலிங் என்ற ஊரைப் பாருங்கள். மேற்கு வர்ஜினியாவிலே உள்ள தொழில் நகரம். அங்கும் கார்னகி நூலகம் வருவதாக இருந்தது. ஹோம்ஸ்டெட்டை மறக்காத தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்துப் பிரசாரம் செய்தன. 1904இல் நடந்த வாக்கெடுப்பிலே திட்டம் தோற்றது. புத்தகம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பின்னர் ஊர் தன் சொந்தப் பணத்திலேயே பொது நூலகம் அமைத்துக்கொண்டது. ஒரு கொடையை வாங்க மறுக்கும் ஊருக்குக் கொடையைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது: நினைவு.

ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். கார்னகி நூலகங்கள் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம், அவர் விதித்த நிபந்தனை. இடத்தை ஊர் தரவேண்டும். கொடைத் தொகையிலே பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊர் ஒதுக்கவேண்டும். அதாவது, வள்ளலின் கட்டடத்தை வாழவைத்தது மக்களின் வரிப்பணம்! எங்கே மக்கள் மன்றத்தின் கை பட்டதோ அங்கே கொடை நிறுவனமாயிற்று. கட்டுரை சொல்லாத உண்மையை அவர் செயலே சொல்லிவிட்டது.

இரண்டு விழுக்காடும் மீதியும்

பாட்டனைப் பார்த்தோம், இனிப் பேரனைப் பார்ப்போம்.

இந்திய நாட்டிலே கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, நிறுவனச் சமூகப் பொறுப்பைச் சட்டக் கடமையாக்கிற்று. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி. இவற்றிலே ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்திலே இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையிலே இருக்கிறது. மனநிலையைப் பொறுத்திருந்த ஒன்றைச் சட்டம் கடமையாக்கியது முன்னேற்றமே. இதை மறுப்பது அறியாமை.

ஆனால் அந்த இரண்டு விழுக்காட்டை எதிலிருந்து கணக்கிடுகிறார்கள்? இலாபத்திலிருந்து. இலாபம் எப்படி வருகிறது? வரவிலே செலவைக் கழித்து. எந்தெந்தச் செலவை? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

பாலாற்றங்கரைக்கு வாருங்கள். வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கிலே, 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த அந்தப் பகுதியிலே, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமற் போயிற்று என்ற ஆய்வு முடிவு அந்தத் தீர்ப்பிலே இடம்பெற்றிருக்கிறது. தோல் தொழில் பல்லாயிரவருக்கு வேலை தருகிறது. நாட்டுக்கு அன்னியச் செலாவணி தருகிறது. உண்மை. ஆனால் அந்த 35,000 ஹெக்டேர் எந்த ஆலையின் செலவுக் கணக்கிலே எழுதப்பட்டிருந்தது? எழுதியவன் உழவன், தன் கடன் பத்திரத்திலே எழுதினான்! எழுதினவள் அவன் மனைவி. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த தொலைவிலே எழுதினாள்!

ஆற்றுக்கு நேர்ந்த நட்டத்தைக் கழிக்காமல் காட்டப்படும் இலாபம், முழு இலாபமன்று. அதிலே ஒரு பகுதி ஊராரின் கடன். கடனை இலாபமென்று எழுதிக்கொண்டு, அதிலே நூற்றுக்கு இரண்டைக் கொடை என்று திருப்பித் தருவது எந்த ஊர்க் கணக்கு? நீடித்த வளர்ச்சி என்று இன்று சொல்லப்படுவதன் உயிர்ப்பொருள் இதுதான்: கெடுத்தவன் செலவைக் கெடுத்தவனே ஏற்கவேண்டும். 1996 தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற அந்தக் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பே, போபாலுக்குப் பின், டெல்லியிலே நடந்த ஒரு வாயுக் கசிவு வழக்கிலே உச்சநீதிமன்றம் மற்றொன்றைச் சொல்லியிருந்தது. ஆபத்தான தொழிலை நடத்துகிறவர், அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பாளி, விதிவிலக்கு ஏதுமில்லை. கடவுளின் செயல் என்ற விலக்கும் இல்லை! ஜான்ஸ்டவுன் மக்களுக்கு 1889இலே கிடைக்காத நீதி அது. அந்த வெள்ளத்துக்குப் பின்னர்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் மெல்ல மெல்ல இந்தத் திசையிலே திரும்பின. கடவுளைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு முதலாளியை ஏற்றுவதற்கு, சட்டத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இரண்டு விழுக்காட்டுச் சட்டத்தின் விதிகளும் இதை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. பிற சட்டங்களின்படி செய்தே தீரவேண்டிய கடமையைச் செய்துவிட்டு, அதைச் சமூகப் பொறுப்புச் செலவிலே சேர்க்கக்கூடாது. தம் தொழிலாளருக்குச் செய்யும் நன்மையையும் சேர்க்கக்கூடாது. சரியான விதி. ஆனால் மேடையிலே இந்த வேறுபாடு கரைந்துபோகிறது. மரக்கன்று நடும் படம் ஏட்டின் முதற்பக்கத்திலே. கழிவுநீர்க் குழாய் எவர் கண்ணுக்கும் படாத மூலையிலே!

வாய்ப்பூட்டு

தொண்டு நிறுவனங்களைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். அவற்றை ஒட்டுமொத்தமாக இழித்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஜான்ஸ்டவுன் அழிந்த ஐந்தாம் நாளே அங்கே வந்து, மாதக்கணக்கிலே தங்கிப் பணி புரிந்தது கிளாரா பார்ட்டன் அம்மையாரின் செஞ்சிலுவைச் சங்கம். அந்தத் தொண்டை வணங்குகிறோம்.

ஆனால் நிதி வருகிற வழியிலேதான் நாவும் அசையும். கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணத்திலே பள்ளி நடத்தும் தொண்டு நிறுவனம், அதே கம்பெனியின் கழிவைப் பற்றி வாய் திறக்குமா? திறக்காதிருக்கப் பூட்டு ஏதும் தேவையில்லை. அடுத்த ஆண்டு நிதி போதும்! 1915லேயே அமெரிக்க அரசின் தொழில் உறவு ஆணையம், ராக்பெல்லரையும் கார்னகியையும் அழைத்து, பெரும் அறக்கட்டளைகள் யாருக்குப் பதில் சொல்கின்றன என்று துருவிக் கேட்டது. அந்தக் கேள்வியின் கூர் இன்றும் மழுங்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. 1970இல் பொருளியலார் மில்ட்டன் பிரீட்மன், சட்டத்துக்குட்பட்டு இலாபம் ஈட்டுவதே வணிகத்தின் பொறுப்பு. சமூகத் திட்டம் தீட்ட முதலாளியை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டார். தேர்ந்தெடுக்கவில்லை என்பது சரி. ஆனால் ஆற்றைக் கெடுக்க மட்டும் யார் தேர்ந்தெடுத்தார்கள்? விளையாட்டு விதிப்படி ஆடினால் போதும் என்கிறார். விதியை எழுதும் இடத்திலே பணத்தின் குரல் ஒலிப்பதை ஏன் பேசவில்லை? கார்னகி, செல்வரின் நெஞ்சை நம்பச் சொன்னார். பிரீட்மன், சந்தையை நம்பச் சொன்னார். இருவருமே மக்களை நம்பச் சொல்லவில்லை.

ஒப்புரவு

வள்ளுவர் அறத்துப்பாலிலே ஈகை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்பே ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழும் கடமையை உணர்வது ஒப்புரவு. இரண்டும் வேறு என்று அறிந்தே வேறு வேறாக வைத்தார்; கடமையை முன்னும் கொடையைப் பின்னும் வைத்தார். செல்வத்தின் நற்செய்தி அந்த வரிசையைக் கவிழ்த்துவிட்டது. கொடையை முன்னே நிறுத்திக் கடமையை மறைத்துவிட்டது. இந்தக் கட்டுரையின் மீது நாம் சாட்டும் குற்றம் இது ஒன்றுதான். ஆனால் மற்ற எல்லாக் குறைகளும் இதிலே அடக்கம்.

ஆகவே தலைமை எது? அள்ளிக் கொடுப்பது அல்ல தலைமை. அழைத்தால் வந்து பதில் சொல்வது தலைமை. தொழில் நடத்துபவர், தம் ஆலையின் கழிவு எங்கே போகிறது, கூலி எவ்வளவு, விபத்து எத்தனை என்பதை ஊராரின் முன் வைப்பது தலைமை. தொண்டு நிறுவனம் நடத்துபவர், பணம் எங்கிருந்து வந்தது என்பதையும், எந்தக் கேள்வியைக் கேட்காமலிருக்க அது வந்தது என்பதையும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது தலைமை.

தோழர்களே! கேட்பதற்கான கருவிகள் நம் கையிலே இல்லாமலில்லை. பங்குச் சந்தையிலே பட்டியலிட்ட முதல் ஆயிரம் கம்பெனிகள், 2022-23 முதல் பொறுப்பு, நீடித்த வளர்ச்சி பற்றிய அறிக்கையைக் கட்டாயம் வெளியிடவேண்டும் என்பது செபியின் ஆணை. தண்ணீர், கழிவு, புகை, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றின் கணக்கெல்லாம் அதிலே இருக்கவேண்டும். படிப்பகத்திலே அதை வாங்கி வைத்துப் படியுங்கள். உங்கள் ஊர் ஆலையின் அறிக்கை ஒரு கையிலே, உங்கள் ஊர்க் கிணற்று நீர் மறு கையிலே. இரண்டையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் பாராட்டுங்கள். ஒத்துவராவிட்டால் கேளுங்கள்; எழுதிக் கேளுங்கள்; கூட்டமாகக் கேளுங்கள்.

அடுத்த விழாவுக்கும் வளைவு கட்டுவார்கள். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடம் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறதென்று சொல்லுங்கள். பிறகு, கடைசி வரிசையிலே இருமிக்கொண்டிருக்கும் அந்த முதியவரைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வாருங்கள். கணக்கேட்டின் மறுபக்கத்தை அவர் படிக்கட்டும்.